விழா மலர்களில் விடுபட்ட வேதியர்

பங்கு ஆலயம் ஒன்று பொன்விழாவோ நூற்றாண்டு விழாவோ காணும்போது மலர் வெளியிடுவது நம்மிடையே வேரூன்றிவிட்ட மரபு. வாசுதேவநல்லூர், சங்கரன்கோவில் வட்டாரம் போன்ற பகுதிகளில், ஒரு பங்கின் வரலாற்றை எளிய விசுவாசி எழுத்தில் காண்பதற்குப் பெரும்பாலும் இம்மலர்களே வழி. ஆகவே, அவற்றை வாழ்த்து மடல்கள் என ஒதுக்கிவிடாமல், வரலாற்று நூல்களாகவே மதித்துத் திறனாய்வது தகும்.

இம்மலர்களின் அமைப்பு நாம் நன்கறிந்ததே. ஆயரின் ஆசியுரை, பங்குக் குருக்களின் பட்டியல், அவரவர் காலத்தில் எழுந்த கோபுரம், கெபி, பள்ளிக் கட்டடம், நன்கொடையாளர் பெயர்கள். பள்ளிக்கென ஒரு பத்தி: ஓலைக் கொட்டகையில் தொடங்கி மாடிக் கட்டடம் வரை. இவை நன்றியுணர்வில் பிறந்தவை. குறை கூறத்தக்கவை அல்ல. ஆயினும், கட்டடம் எழுந்த கதை மட்டுமே மக்கள் எழுந்த கதையாகிவிடாது.

முதலில் விடுபடுபவர் வேதியர். காமநாயக்கன்பட்டியில் பணியாற்றியவரும், சங்கரன்கோவிலை அடுத்த குருக்கள்பட்டியில் சிறைப்பட்டவருமான வீரமாமுனிவரை இவ்வட்டாரம் பெருமையுடன் நினைவுகூர்கிறது. அவர் தேம்பாவணி பாடியதோடு அமையவில்லை. மறை போதிக்கும் பொதுநிலையினருக்கென்றே ‘வேதியர் ஒழுக்கம்’ என்னும் உரைநடை நூலையும் இயற்றினார். குரு ஆண்டுக்குச் சில முறையே வந்துபோன ஊர்களில் செபம் சொல்லிக் கொடுத்தவரும், சாகும் தறுவாயில் இருந்தோர்க்குத் துணை நின்றவரும் வேதியரே. 1773இல் இயேசு சபை ஒடுக்கப்பட்ட பின், 1838இல் அச்சபையினர் மதுரை மறைத்தளத்தில் மீண்டும் பணி தொடங்கும்வரை, மிகச் சில குருக்களே இருந்த காலத்தில் விசுவாசத்தைக் காத்ததில் இவர்களுக்குப் பெரும் பங்குண்டு. பிற்காலத்தில் பல ஊர்களில் உபதேசியாரே வாத்தியாருமானார். ஞாயிறன்று கோவிலாக இருந்த கூரையே மறுநாள் பள்ளிக்கூடமாயிற்று. வீரமாமுனிவர் ஒரு நூலையே அளித்த இப்பணியாளருக்கு நம் மலர்கள் ஒரு பக்கமேனும் அளிக்க வேண்டாமா?

அடுத்து விடுபடுவது சாதி. வடக்கன்குளத்தில் 1872இல் அர்ச்சிக்கப்பட்ட திருக்குடும்ப ஆலயம், இரு பிரிவினர் தனித்தனியே நின்று வழிபடும்படி சுவரால் பிரிக்கப்பட்டிருந்தது. 1910இல், கௌசானல் அடிகளாரின் காலத்தில், அச்சுவர் இடிக்கப்பட்டது. அதை எதிர்த்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம்வரை சென்று தோற்றது. சுவர் எழுந்ததை மறைத்துவிட்டால், அதை இடித்த துணிவும் மறைந்துபோகும். ஆலயத்தில் யார் எங்கே நின்றனர் என்று கேட்கும் வரலாறு, பள்ளியில் யார் எந்தப் பலகையில் அமர்ந்தனர் என்றும் கேட்டாக வேண்டும்.

விழா நாளில் பழம்புண்ணைக் கிளறலாமா எனச் சிலர் வினவுவர். நாம் ஒவ்வொரு திருப்பலியையும் பாவத்தை ஏற்றுக்கொண்டே தொடங்குகிறோம். அந்த ஒழுங்கு விழாத் திருப்பலிக்குப் பொருந்துமெனில், விழா மலருக்கும் பொருந்தும்.

இதற்கான சான்றுகளைத் தேடிக் கடல் கடக்க வேண்டியதில்லை. பங்கு இல்லத்தில் ஞானஸ்நானப் பதிவேடும், பள்ளியில் சேர்க்கைப் பதிவேடும் உள்ளன. முதல் பெண் குழந்தை எந்த ஆண்டில் சேர்ந்தாள், எந்தத் தெருப் பிள்ளைகள் எப்போது உள்ளே வந்தனர், எத்தனாம் வகுப்போடு நின்றனர், பிற சமயத்தார் எத்தனை பேர் என்பனவற்றை அவை சொல்லும். ஓய்வுபெற்ற ஆசிரியரும் மூதாட்டியரும் எஞ்சியதைச் சொல்வர்.

பாளையங்கோட்டை மறைமாவட்டம் 1973இல் மதுரையிலிருந்து பிரிந்து உருவானது. அதன் தொடக்க ஆண்டுகளைக் கண்ட முதியோர் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். பதிவேடுகளையோ செல்லரித்து வருகிறது. அடுத்த மலரைத் தொகுக்கவிருக்கும் குழுவினர் நிழற்படக்காரரை அழைக்கும் முன் அவ்வேடுகளைத் திறப்பார்களாக.