பிழிந்த விரல்கள் யாருடையவை?

பெரும்பாணாற்றுப்படையைத் தொண்டைமான் இளந்திரையனின் கொடைச் சிறப்புக்காகவே நமக்குப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். ஆனால் வலைஞர் குடியிருப்பைச் சொல்லும் பகுதியில், வீட்டில் மது ஆக்கும் முறை ஒன்று முழுசாகவே இருக்கிறது.

தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற பிழாவில் ஆறவிடுகிறார்கள். நல்லடையை அதில் கலக்கிறார்கள். நல்லடை என்றால் நெல்முளை என்று பொருள் சொல்வார்கள். இரண்டு பகல், இரண்டு இரவு சாடிக்குள் விளைகிறது. பிறகு விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். சுட்ட மீனோடு பாணனுக்கு அது கிடைக்கும்.

முதல் தடவை ஊறல் போடுகிறவர் சறுக்குகிற இடங்கள் இரண்டும் இதில் வந்துவிடுகின்றன. அரிசியின் மாவுச்சத்து தானாகப் போதையாகாது. முதலில் சர்க்கரையாக வேண்டும். முளைத்த தானியத்திலுள்ள நொதிதான் அதைச் செய்யும். பார்லியை முளைகட்டிப் பீர் காய்ச்சுவதும் இதே வித்தைதான். களி கொதிக்கக் கொதிக்க இருக்கும்போது முளையைப் போட்டால் நொதி செத்துப்போகும். அதுக்குத்தான் ஆறவிடுவது. இதையெல்லாம் புலவர் ஏட்டில் படித்திருக்க முடியாது. செய்கிற கையைப் பார்த்துத்தான் எழுதியிருக்க வேண்டும்.

அந்தக் கை யாருடையது? பாட்டில் விரல் இருக்கிறது, விரலுக்குரிய ஆள் இல்லை. பாடியவர் பேர் இருக்கிறது, கொடுத்தவன் பேர் இருக்கிறது.

1889இல் உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பித்தார். அதற்குப் பிறகு இது 'பழந்தமிழர் பண்பாடு' ஆனது. 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்படி இதே காரியம் சேரியில் நடந்தால் குற்றம். சாடியில் இருந்தால் இலக்கியம், பானையில் இருந்தால் கேஸ். 2003இல் சில்லறை மது விற்பனையை டாஸ்மாக் மூலம் அரசே எடுத்துக்கொண்டது. ஆக, வடிக்கிற அறிவு குற்றம். காசு கொடுத்து வாங்கிக் குடிப்பது வருமானம்.

இது குடிக்கு வக்காலத்து இல்லை. குடியால் நம்ம பெண்கள் பட்ட அடியை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் பேசுவது வாசிப்பின் சாதியைப் பற்றி. அறிவை எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவிடும் வாசிப்பைத்தான் பல்கலைக்கழகங்கள் சங்க இலக்கிய ஆராய்ச்சி என்று நடத்தி வந்திருக்கின்றன.

முளை எத்தனை நாள் கட்டினாங்க, எதுல ஊறப்போட்டாங்க, போலீஸ் வந்தப்ப பானையை யாரு ஒடச்சது, யாரைக் கூட்டிக்கிட்டுப் போனாங்க? தோழர்களே, இதையெல்லாம் நம் பாட்டிமார் வாயால் கேட்டு எழுதுங்கள். அந்தச் சாட்சியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தப் பாட்டை மறுபடியும் வாசிப்போம்.