மேடைத் தமிழின் மரபுகளும் காரைக்குடி நெறியும்

மேடைத் தமிழைப் பற்றிய ஆய்வு பெரும்பாலும் குரல்வளம், நடை, அடுக்குமொழி என்பவற்றோடு நின்றுவிடுகிறது. பேசியவர் மேடையை விட்டு இறங்கிய பின் கேட்டவர் உள்ளத்தில் எது தங்கியது என்பதை அது அரிதாகவே ஆராய்கிறது. சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என மூன்று அதிகாரங்களை வள்ளுவர் இப்பொருளுக்கு வகுத்ததையும், நன்னூற் பாயிரம் பத்துக் குற்றங்களை எடுத்துச் சொல்வதையும் கம்பன் அன்பர்களாகிய எம் கழக உறுப்பினர்க்கு நினைவூட்ட வேண்டுவதில்லை. எனினும் அப்பத்தில் மூன்று, எழுதும் நூலைவிடப் பேசும் மேடைக்கே மிகுதியும் பொருந்துவன: எடுத்த பொருளை விட்டு வேறொன்றை வளர்த்துச் செல்லும் மற்றொன்று விரித்தல், பயனில்லாச் சொற்களைக் கோத்துக்கொண்டே போகும் வெற்றெனத் தொடுத்தல், தொடக்கத்தில் இருந்த வலிமை போகப்போக மங்கி முடியும் சென்று தேய்ந்து இறுதல். பொதுவாழ்வில் நின்றவர்களுள் சிலர் சொல் ஏன் நிலைத்தது, பலர் சொல் ஏன் காற்றோடு போயிற்று என்பதற்கு இம்மூன்றும் போதிய உரைகல்லாகும்.

இக்காலப் பொருளில் தமிழ்ச் சொற்பொழிவு என்பது யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரிடம் தொடங்குகிறது. வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் 1847ஆம் ஆண்டு டிசம்பர் 31 அன்று அவர் தொடங்கிய பிரசங்கம் வெள்ளிக்கிழமைதோறும் நடைபெற்றது. பாதிரிமாரோடு பழகி அவர்களுடைய போதனை முறையை அருகிருந்து கண்டவர் ஆதலின், ஒரு நேரத்துக்கு ஒரு பொருள் என்னும் கட்டுப்பாட்டையும், மக்கள் வாரந்தோறும் கூடும் ஒழுங்கையும் அவர் சைவத்துக்குக் கொண்டுவந்தார். ஏட்டை விரித்துப் பாட்டுக்குப் பாட்டு உரை சொல்லும் புராண படனத்திலிருந்து, எடுத்துக்கொண்ட கருத்து ஒன்றை நிறுவும் உரைக்குத் தமிழ் நகர்ந்தது இவ்விடத்தில்தான். மற்றொன்று விரித்தல் என்னும் குற்றத்துக்கு அவர் பேச்சில் இடமில்லை.

அரசியல் மேடை வேறு வழியில் வந்தது. 1907இல் விபின் சந்திர பாலர் சென்னைக் கடற்கரையில் ஆற்றிய புகழ்பெற்ற பேருரைகள் ஆங்கிலத்தில் அமைந்தவை; அடுத்த ஆண்டு தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது பேசியது தமிழில். அத்தமிழ்ப் பேச்சுகளே வழக்கு மன்றத்தில் அவர்களுக்கு எதிரான சான்றுகளாயின என்பதிலிருந்து அவை எவ்வளவு தூரம் சென்று தைத்தன என்பது விளங்கும். பின்னர் 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது அதன் தலைவர் வாடியாவோடு உடன் நின்று ஆலைத் தொழிலாளரிடையே பேசியவர் திரு. வி. க. ஆவார். வாடியாவின் மொழி ஆங்கிலம். பெரம்பூர் ஆலைத் தொழிலாளியின் செவிக்கு உரிமை, ஊதியம், சங்கம் என்பவற்றைக் கொண்டு சேர்த்தது திரு. வி. க.வின் தமிழ். இலக்கணம் வழுவாத சொல்லும் எளிய மனிதர்க்குப் புரியும் என்று செய்துகாட்டியதே அவருடைய பெருந்தொண்டு. சிறு தொடர்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி, ஒவ்வொன்றும் கேட்பவர் உள்ளத்தில் இறங்க இடம் விட்டு, அதன் பின்னரே அடுத்த தொடருக்குச் செல்லும் முறை அவருடையது.

திராவிட இயக்க மேடையைக் கம்பன் அன்பர்கள் எழுதும் விழா மலரில் விட்டுவிடுவது வழக்கமாயினும், தரம் பற்றிய பேச்சில் அதை விடுவது நேர்மையாகாது. பெரியார் மணிக்கணக்கில் பேசினார். எதுகை மோனையை நாடவில்லை. வீட்டுத் திண்ணையில் வழங்கும் சொல்லையே மேடையிலும் வழங்கினார். ஆயினும் கேட்டவர் அலுக்கவில்லை. ஏனெனில் ஒவ்வொரு கட்டத்திலும் அவர் ஒரு கேள்வியை எழுப்பி, விடையைக் கேட்பவரே சொல்லும்படி செய்தார். தாம் சொன்னதற்காக நம்ப வேண்டாம், எண்ணிப் பார்த்து முடிவு செய்க என்று அவையிடம் விட்டார். அண்ணாவின் அடுக்குமொழியைப் பின்பற்றியவர் பலர். அவ்வடுக்கின் உள்ளே ஒவ்வொரு தொடரும் முன்தொடரினும் ஒருபடி மேலே சென்றது என்பதை உணர்ந்தவர் சிலரே. 1943இல் கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் எதிர்த்து அவர் சென்னைச் சட்டக் கல்லூரியில் ரா. பி. சேதுப்பிள்ளையோடும், சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடும் நிகழ்த்திய சொற்போர்கள் கம்பன் அன்பர்க்கு இன்றும் உவப்பானவை அல்ல. ஆனால் எதிர்த்தரப்பினர் இருவரும் தமிழ்க் கடல்கள் என்பதை அண்ணா அறிந்திருந்தார். அவர்களை மதித்தே மறுத்தார். அந்த மதிப்பே அவருடைய மறுப்புக்கு வலிமை தந்தது. காமராசரோ இவ்வணிகள் எவற்றையும் நாடியவரல்லர். குறுந்தொடர்களில், ஊர்ப்பெயரையும் பள்ளிக்கூடத்தையும் அணையையும் குறித்து அவர் பேசியவை, சொன்னதைச் செய்வார் என்னும் நம்பிக்கையின் மேல் நின்றன. அந்நம்பிக்கை இல்லாதவர் அதே எளிமையைக் கைக்கொண்டால் அது வறுமையாகவே தோன்றும்.

சமய மேடையில் கிருபானந்த வாரியார் முன்வரிசைச் சிறுவரிடம் கேள்வி கேட்டே அவை முழுவதையும் விழிப்போடு வைத்தார். கி. வா. ஜகந்நாதன் சிலேடையால் ஈர்த்தார். அச்சிலேடை எடுத்த பொருளிலிருந்தே பிறந்தமையால் அது மற்றொன்று விரித்தலாக ஆகவில்லை. பொதுவுடைமை இயக்கத்தின் ஜீவா கம்பன் விழா மேடையில் கம்பனைப் பேசியது, மரபுக்கு வெளியே நிற்பவர் போலத் தோன்றும் ஒருவர் மரபின் உள்ளே எவ்வளவு ஆழமாக இருக்கக்கூடும் என்பதற்குச் சான்று.

இனிக் காரைக்குடி நெறி. ரசிகமணி டி. கே. சி.யின் ஊக்கத்தோடு 1939இல் கம்பன் அடிப்பொடி சா. கணேசன் நிறுவிய கம்பன் கழகம் தமிழ் மேடைக்கு அளித்த கொடைகளுள் முதன்மையானது கால ஒழுங்கு. பங்குனியில் காரைக்குடியில் தொடங்கி, அத்த நட்சத்திர நாளில் நாட்டரசன்கோட்டையில் கம்பன் அருட்கோயிலில் நிறைவுறும் கம்பன் விழாவில், அச்சிட்ட நேரமே நடக்கும் நேரம். எவருக்காகவும் அது காத்திராது. பேசுபவர் எவ்வளவு பெரியவராயினும் தமக்கு அளிக்கப்பட்ட நேரத்துக்குள் முடிக்க வேண்டியவரே. நேரக் கட்டுப்பாடு என்பது நிர்வாக வசதிக்காக வைக்கப்பட்டது என்று எண்ணுவது மேலோட்டமான பார்வை. எதைச் சொல்லாமல் விடுவது என்று பேசுபவரை முன்னதாகவே முடிவு செய்ய வைப்பது அது. வெற்றெனத் தொடுத்தலுக்கு இதைவிடச் சிறந்த மருந்து இல்லை. திரு. வி. க.வைப் போற்றி வளர்ந்த அ. ச. ஞானசம்பந்தனும், பட்டிமண்டபத்தைப் பாமரரும் கேட்டு மகிழும் வடிவமாக்கிய குன்றக்குடி அடிகளாரும் இம்மேடையோடு இணைந்ததால், தொழிலாளர் மேடையின் தெளிவும் திருமடத்தின் புலமையும் ஓரிடத்தில் கலந்தன.

இந்நெறியை எம் கழகத்துக்குக் கொண்டுவந்தவர் இளையோர் பயிற்சி வகுப்பை நெடுங்காலம் நடத்திய ஆசிரியர். கழகத்தார் அவரை ஐயா என்றே சொல்வர். அவர் வகுப்பில் வாலி வதைப் படலமே பாடம். ஏனெனில் மறைந்து நின்று எய்தது முறையா என்னும் வாலியின் வினாக்களும் இராமனின் விடையும் அப்படலத்திலேயே வழக்காக அமைந்துள்ளன. மாணவர் ஒரு வாரம் வாலிக்காகப் பேசினால் மறுவாரம் அவரே இராமனுக்காகப் பேச வேண்டும். பேசத் தொடங்குமுன் எதிர்த்தரப்பின் வலிமையான வாதத்தை, எதிரில் இருப்பவர் ஆம், அதுவே எம் கருத்து என்று ஒப்பும் அளவுக்கு எடுத்துரைக்க வேண்டும். ஒப்பாவிட்டால் மீண்டும் தொடங்க வேண்டும். பிறர் கருத்தை ஏற்று உரைத்துப் பின் களைதல் என்று நன்னூல் நூலாசிரியர்க்கு வகுத்த மதம், அதாவது கொள்கை நிலை, ஐயாவின் வகுப்பில் பதினைந்து வயதுச் சிறுவர்க்கும் பழக்கமாயிற்று.

பாடலை எடுத்துச் சொல்லும் முறையும் இவ்வாறே கண்டிப்பானது. முதலில் சந்தம் கெடாமல், கையில் தாளில்லாமல், பாட்டு முழுவதும் ஒருமுறை. பின்னர்ச் சீர் பிரித்து, எழுவாய் எது, முடிக்கும் வினை எது என்று கேட்பவர்க்குத் தெரியும்படி நிறுத்தி நிறுத்தி ஒருமுறை. அதன் பின் பொருள். பொருள் சொல்லியதும் மீண்டும் சந்தத்தோடு ஒருமுறை. முதல் தடவை ஓசையாக மட்டும் கேட்ட பாட்டு கடைசித் தடவை பொருளோடு வந்து சேரும்போது அவையில் எழும் சிறு அசைவை, தலைகள் மெல்ல ஆடுவதை, ஐயா வகுப்பின் பின்வரிசையில் நின்று கவனிப்பார். அசைவு இல்லையெனில் சீர் பிரித்ததில் பிழை என்பது அவர் துணிபு. பாட்டுக்கு அடுத்த சொல்லைப் பேசுமுன் ஒரு மூச்சு விட வேண்டும் என்பதும் அவர் வைத்த விதி. இன்று கழகத்தின் மேடைகளில் பாடம் பிழையின்றிச் சொல்பவர் எவராயினும் அவர் அவ்வகுப்பில் அமர்ந்தவராகவோ, அமர்ந்தவரிடம் கற்றவராகவோ இருப்பர்.

இனிச் சொல்ல வேண்டியதை எவர் மனமும் புண்படாமல் சொல்ல வேண்டியுள்ளது. இன்றைய பேச்சாளர்களுள் நல்லறிஞர் பலர் உளர். அவர்களுடைய உழைப்பு ஐயத்துக்கு அப்பாற்பட்டது. கீழ்வருவது எந்த ஒருவரையும் சுட்டியதன்று. எனினும் மேடைகளில் விளிப்பு என்னும் நோய் எல்லை கடந்துவிட்டது. விளிப்பாவது, தலைவர் தொடங்கி ஒலிபெருக்கி அமைத்தவர் வரை ஒவ்வொருவரையும் பெயரும் பட்டமும் பதவியும் சொல்லி, அவர்களே அவர்களே என்று அழைத்தல். அவையோர்களே என்று ஒரே சொல்லில் முடிய வேண்டியது, இன்று அளிக்கப்பட்ட நேரத்தில் மூன்றிலொரு பங்கைத் தின்கிறது. வரவேற்பவர் ஒருமுறை, தலைவர் ஒருமுறை, அறிமுகம் செய்பவர் ஒருமுறை, பேசும் ஒவ்வொருவரும் ஒருமுறை என ஒரே பெயர்ப்பட்டியல் ஒரே மாலையில் ஆறேழு தடவை ஓதப்படுகிறது. ஒரு பெயர் விடுபட்டால் அதற்கு மன்னிப்பு, அம்மன்னிப்பின் காரணமாக மீண்டும் அப்பெயரின் புகழ். இடையிடையே பொன்னாடை, பொன்னாடைக்கு நிழற்படம், நிழற்படத்துக்காகப் பேச்சாளர் ஒலிவாங்கியிலிருந்து விலகி நிற்றல். ஆறு மணி என அழைப்பிதழில் அச்சிட்ட நிகழ்ச்சியில் கம்பன் பெயர் முதன்முதல் ஒலிக்கும்போது எட்டு மணி ஆகியிருப்பதை அவையோர் பலர் கண்டிருப்பர். அதற்குள் தொலைவிலிருந்து வந்தோர் கடைசிப் பேருந்துக்கு எழுந்திருப்பர்.

இது சிறு குறை என்று கருதுவோர் உளர். அவ்வாறு கருதுவதற்கில்லை. விளிப்பில் நேரம் போனதால் பொருளைச் சுருக்குகிறார்கள். பொருள் சுருங்கியதால் பாட்டை ஓரடியோடு நிறுத்துகிறார்கள். ஓரடி மட்டும் வேண்டுமென்பதால் பாடம் செய்வதை விட்டுக் கைப்பேசியைப் பார்த்துப் படிக்கிறார்கள். படித்ததில் ஓசை இல்லாததால் அவை கலைகிறது. கலைந்த அவையைப் பிடிக்க வாட்ஸ்அப்பில் வலம்வரும் நகைச்சுவைத் துணுக்கைச் சொல்கிறார்கள். துணுக்குக்குக் கிடைத்த கைதட்டலைத் தம் பேச்சுக்குக் கிடைத்ததாக எண்ணிக்கொள்கிறார்கள். மேடைத் தமிழுக்கு நேர்ந்த தாழ்வுகள் அனைத்துக்கும் வேர் இந்த விளிப்பே. பட்டிமண்டப நடுவர், அணியினர் பேசிய நேரத்தினும் தாம் பேசிய நேரம் மிகும்படி பேசுவதும், இரு தரப்பும் சரியே என்று முடிப்பதும், தீர்ப்பு வாதத்திலிருந்து பிறவாமல் முன்னரே எழுதி வரப்படுவதும், எவரும் வருந்தக் கூடாது என்னும் அதே விளிப்பு மனத்திலிருந்தே பிறக்கின்றன. சட்டமன்றத்திலும் பொதுக்கூட்டத்திலும் தலைமையின் புகழ் பாடியே நேரம் கழிவதும், பள்ளிப் பேச்சுப் போட்டியில் குழந்தைகள் ஏழு பேரை வணங்கி முடிக்குமுன் மணி அடித்துவிடுவதும் இதன் கிளைகள். மேடையில் அமர்ந்திருப்போரை நோக்கிப் பேசத் தொடங்கியவர் எதிரில் அமர்ந்திருப்போரை மறந்துபோகிறார். அவையறிதல் என்று வள்ளுவர் வகுத்தது அவ்விடத்திலேயே கைநழுவுகிறது. நாவலரும் திரு. வி. க.வும் பெரியாரும் அண்ணாவும் கொள்கையில் எவ்வளவு மாறுபட்டவராயினும் எதிரில் இருப்பவரை நோக்கியே பேசினர் என்பதை இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும்.

கழகத்தின் பெரியோர் இதனை அறியாதவரல்லர். ஆண்டுக்கூட்டங்களில் அவர்கள் பலமுறை வருந்திப் பேசியதுண்டு. விழாவுக்குக் கொடை அளிப்போரை மேடையில் சிறப்பிப்பது மரபு. அவர்களின்றி விழா நடைபெறாது என்பதும் மெய். அச்சிறப்பு முழுவதையும் நிகழ்ச்சித் தொடக்கத்தில் ஒருவரே ஒருமுறை செய்து முடித்துவிட்டால், பின் வருவோர் அவையோர்களே என்று தொடங்குவதில் எவர் மதிப்பும் குறையாது. நடுவர்க்கும் பேச்சாளர்க்கும் பொதுவாக, முடிக்க இரு மணித்துளி உள்ளபோது ஒரு மணியும், நேரம் தீர்ந்ததும் மற்றொரு மணியும் அடிக்கும் பழைய ஏற்பாட்டையும் மீட்கலாம். மணி பழுதின்றிக் கழக அலுவலகத்தில் இன்னமும் இருக்கிறது. இளையோர் பேச்சுப் போட்டியின் மதிப்பெண் தாளில் இப்போது குரலுக்கும், மெய்ப்பாட்டுக்கும், மேடைத் தோற்றத்துக்கும் தனித்தனிக் கட்டங்கள் உள்ளன. ஐயா காலத்துத் தாளில் இவற்றோடு பாடத் திருத்தம், எதிர்வாதத்தை எடுத்துரைத்தல், நேரங்காத்தல் என்னும் மூன்று கட்டங்களும் இருந்தன. எப்போது, எவர் முடிவால் அவை நீக்கப்பட்டன என்பதற்குக் கழகக் குறிப்பேட்டில் பதிவில்லை. அம்மூன்றையும் மீண்டும் சேர்ப்பதற்குத் தனிச் செலவு எதுவுமில்லை. விழாவுக்கு முன் கூடும் செயற்குழுவில் தீர்மானம் ஒன்று வைத்தால், இவ்வாண்டுப் போட்டியிலேயே அதை நடைமுறைப்படுத்த நாள் இருக்கிறது.