ஹேண்டில் பிடித்த கை

பழைய லாரியின் இன்ஜினை முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றிக் கிளப்பிப் பழகிய கிளீனரைக் கேட்டால், முதலில் கட்டைவிரலைப் பற்றித்தான் சொல்வார். அதை ஹேண்டிலைச் சுற்றி மடக்கக் கூடாது. மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கமாக வைக்க வேண்டும். இன்ஜின் எதிர்த்து உதைத்தால் ஹேண்டில் நழுவிப் போகட்டும், விரல் தப்பும்.

இங்கிலாந்தின் குட்வுட் வேகத் திருவிழாவில் ஃபியட் எஸ்76 காரின் முன்னால் ஹேண்டில் போட ஆட்கள் குனியும் வீடியோவைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் அந்தக் கட்டைவிரலைத்தான் தேடுகிறது. 'டூரின் மிருகம்' என்று பெயரெடுத்த கார். நான்கே சிலிண்டர், கொள்ளளவு 28,353 சி.சி. ஒரு சிலிண்டருக்குள்ளேயே மாருதி 800 இன்ஜின்கள் ஏறக்குறைய ஒன்பது அடங்கிவிடும். சிலிண்டருக்கு மூன்று என்று பன்னிரண்டு ஸ்பார்க் பிளக். 290 குதிரைத்திறன் பின்சக்கரங்களுக்குச் சங்கிலி வழியாகப் போகிறது, சைக்கிளைப் போல.

பிளிட்சன் பென்ஸ் என்ற காரின் வேகச் சாதனையை முறியடிக்க 1911 வாக்கில் செய்தவை இரண்டே கார்கள். 1913-ல் பெல்ஜியத்தின் ஆஸ்டெண்டில் ஆர்தர் துரே ஒன்றை மணிக்கு 213 கி.மீ. வரை விரட்டினார். ஒரு மணி நேரத்துக்குள் எதிர்த்திசையிலும் ஓடிக் காட்ட முடியவில்லை. அதனால் சாதனைக் கணக்கில் ஏறவில்லை. பிறகு ஒன்றைப் பிரித்துப் போட்டார்கள். இன்னொன்று ஆஸ்திரேலியாவரை அலைந்து சிதைந்தது. டங்கன் பிட்டவே என்ற ஆங்கிலேயர் ஒன்றின் சேஸியையும் மற்றதன் இன்ஜினையும் சேர்த்து, கியர்பாக்ஸையும் பாடியையும் புதிதாகச் செய்து, 2014-ல் மறுபடி உறுமவைத்தார். அடுத்த ஆண்டே குட்வுட்.

அங்கே ஏறவேண்டிய மேடு இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. எனக்கு ருசி அதற்கு முந்தைய நிமிடங்களில். ஃபார்முலா ஒன்னில் இரண்டு விநாடியில் நான்கு டயர் மாற்றுவது வியப்புதான், ஆனால் அது மனப்பாடம். நூறாண்டு தாண்டிய இன்ஜினிடம் மனப்பாடம் செல்லாது. இன்று குளிரா, பெட்ரோல் அதிகமாகிவிட்டதா, எந்த சிலிண்டர் முரண்டு பிடிக்கிறது என்று காதாலும் மூக்காலும் கண்டறிய வேண்டும். ஆள் குனிகிறார், தோள் இறுகுகிறது. ஒரு இருமல். பிறகு ஒன்றுமில்லை. மறுபடி இழுக்கிறார். திடீரென்று பக்கவாட்டுக் குழாய்களிலிருந்து தீ நாக்குகள். ஒவ்வொரு வெடியையும் தனித்தனியாக எண்ணலாம் போல அவ்வளவு நிதானம். வண்டி முழுதும் குலுங்குகிறது. பேரிக்காய் வடிவ ரேடியேட்டர்கூட நடுங்குகிறது.

கார் கிளம்பியதும் கேமரா அதன் பின்னாலேயே போய்விடுகிறது. ஹேண்டில் போட்டவர் காட்சியிலிருந்து நழுவிவிடுகிறார். நான் வீடியோவைப் பின்னுக்கு இழுக்கிறேன், அவர் குனியும் இடத்துக்கு.