ஓவன் கண்ட என்பும் டார்வின் கண்ட உறவும்

கூர்ப்பைக் கற்பிக்கும் பாடநூல்கள் சிலவற்றில் தன்னைத்தானே சுற்றிவரும் வாதமொன்று காணப்படுகின்றது. பொது மூதாதையிடமிருந்து வந்த உறுப்புகளே அமைப்பொத்த உறுப்புகள் என முதலில் வரையறுப்பர். பின்னர், அமைப்பொத்த உறுப்புகள் இருத்தலாற் பொது மூதாதை உண்டென்பர். நிறுவ வேண்டியதையே எடுகோளாகக் கொள்ளும் இதனை ஒரு மாணவன் ஏற்க மறுப்பின் அவன்மீது குறையில்லை. ஆயினும் குறை சான்றினுடையதுமன்று, எடுத்துரைத்தோருடையது.

இதனை உணர, றிச்சாட் ஓவன் 1849இல் வெளியிட்ட ‘அவயவங்களின் இயல்பு’ பற்றிய நூலை நோக்குதல் தகும். டார்வினின் ‘இனங்களின் தோற்றம்’ வெளிவரப் பத்தாண்டுகள் முந்தியது அது. ஓவன் மரபுவழியை அளவுகோலாகக் கொள்ளவில்லை. என்புகளின் இடமும் அவை ஒன்றோடொன்று பொருந்தும் முறையுமே அவர் கொண்ட அளவுகோல்கள். மேற்கையில் ஓர் என்பு, முன்கையில் இரண்டு, அப்பால் மணிக்கட்டுச் சிற்றென்புகள், பின்னர் விரல்கள்: மண்ணைத் தோண்டும் அகழெலியிலும், பறக்கும் வௌவாலிலும், நீந்தும் கடற்பாலூட்டியிலும் இவ்வொழுங்கே உண்டு. மனிதனோ படகையும் பலூனையும் புகைவண்டியையும் ஒரே சட்டகத்திலிருந்து ஆக்குவதில்லை; அவ்வத் தொழிலுக்கேற்ப நேரே ஆக்குகிறான். ஓவனே கூறும் இவ்வொப்பீடு நூலின் மிக வலிய பகுதியாகும். வினாவை இத்துணைச் செம்மையாக எழுப்பியவர், இறைவன் உள்ளத்து மூலப்படிவம் என்ற விடையோடு அமைந்துவிட்டார்.

1859இல் டார்வின் அப்படிவத்தின் இடத்தில் மூதாதையை வைத்தார். மாற்றம் சிறிதெனத் தோன்றலாம். ஆனால் மூதாதை ஒரு காலத்தில், ஓரிடத்தில் வாழ்ந்திருத்தல் வேண்டும். அதன் சுவட்டைத் தேடலாம். நீல் ஷூபின் முதலியோர் பாறையின் வயதை முன்னரே கணித்துச் சென்று, கனடாவின் எல்ஸ்மியர் தீவில் 2004இல் ரிக்டாலிக் என்னும் மீனின் உயிர்ச்சுவட்டைக் கண்டெடுத்தனர். ஏறத்தாழ 37.5 கோடி ஆண்டுப் பழமையுடைய அதன் துடுப்பினுள் மேற்கைக்கும் முன்கைக்கும் மணிக்கட்டுக்கும் நிகரான என்புகள் இருந்தன. அதுவே நம் நேர் மூதாதை எனல் மிகை. அதனினும் பழைய காற்சுவடுகள் எனக் கருதப்படுவன போலந்திலிருந்து 2010இல் அறிவிக்கப்பட்டுள்ளன.

பாடநூற் படங்களுக்கும் ஒரு சொல். பறவையின் சிறகையும் வௌவாலின் சிறகையும் அருகருகே வரைந்து அமைப்பொத்தவை என்று மட்டும் எழுதிவிடுகின்றனர். முன்னவயவங்கள் என்ற வகையில் அது மெய். சிறகுகள் என்ற வகையிலோ அவை தனித்தனியே தோன்றியவை: பறவையைத் தாங்குவது கையில் முளைத்த இறகு, வௌவாலைத் தாங்குவது நீண்ட விரல்களிடையே விரிந்த தோல்.