சூரியனுக்கு முதுகைக் காட்டுங்கள்

சிவனொளிபாதமலை உச்சியில் விடியலைப் படமெடுக்கப் போகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: சூரியன் தலை காட்டிய அந்தக் கணமே அதற்கு முதுகைக் காட்டிவிடுங்கள். கைபேசிகள் எல்லாம் கிழக்கே நீண்டிருக்கும்போது நீங்கள் மட்டும் மேற்குப் பக்கச் சுவருக்குப் போங்கள். அங்கே இரத்தினபுரித் தாழ்நிலத்தின் மேல், பனிமூட்டத்தில், பெரிய நீல முக்கோணம் ஒன்று விழுந்திருக்கும். மலையின் நிழல்! இலங்கையில் இதைவிட மகத்தான காட்சி எதையும் என் கமரா கண்டதில்லை.

இத்தனைக்கும் நாட்டின் மிக உயர்ந்த மலை இதுவல்ல. பிதுருதலாகலை 2,524 மீற்றர், இது 2,243. ஆனால் நிற்கும் இடம் இருக்கிறதே! மலைநாட்டின் தென்மேற்கு ஓரத்தில் தனியே எழுந்து, அதற்கப்பால் சட்டென்று சமதரையை நோக்கி இறங்கிவிடுகிறது. மேற்கே அதன் நிழலை மறிக்க வேறு பெருமலை கிடையாது. கதிர் கிளம்பியதும் நிழல் கிலோமீற்றர் கணக்கில் தடையின்றி நீள்கிறது.

அந்த முக்கோண வடிவத்தைத் தெய்வச் செயல் என்று கும்பிடுகிறார்கள். அதன் காரணத்தை அறிந்த பிறகும் எனக்குக் கும்பிடத்தான் தோன்றுகிறது. நீண்டு போகும் நிழலின் இரு ஓரங்களும் தொலைவில் ஒடுங்கி ஒரு புள்ளியில் சேர்வதாக நம் கண்ணுக்குத் தெரிகிறது, ரயில் தண்டவாளங்கள் தூரத்தில் ஒன்று சேர்வதைப் போல. அந்தப் புள்ளி சூரியனுக்கு நேரெதிர்த் திசை. உச்சி தட்டையான மலையில் நின்று பார்த்தாலும் நிழல் முக்கோணமாகவே தெரியும். 1886இல் ரால்ஃப் அபர்குரொம்பி என்ற பிரித்தானிய வானிலை ஆய்வாளர் இந்த நிழலைப் பார்ப்பதற்கென்றே இங்கு ஏறி, இரவைக் கழித்து, கண்டதை எழுதி வைத்தார். சில விடியல்களில் நிழல் தரையை விட்டு எழும்பி நம் எதிரே நிமிர்ந்து நிற்கும். மேற்குச் சரிவை உரசிச் செல்லும் மெல்லிய மூடுபனியே அப்போது திரையாகிறது என்பது அவர் கண்டது. கமராவில் அது கிடைக்கிற நாள் பாக்கியம்!

ஏற்றத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. ஹற்றனிலிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் பஸ். அங்கிருந்து 5,000க்கும் மேற்பட்ட படிகள். 1344இல் இப்னு பதூதா சங்கிலிகளைப் பிடித்து ஏறிய மலையில் நமக்குச் சீமெந்துப் படியும் மின்விளக்கும் வழிநெடுகத் தேத்தண்ணிக் கடையும் இருக்கின்றன. இரவு ஒன்றரை, இரண்டு மணிக்குப் புறப்பட்டால் நிதானமாக ஏறலாம்.

மேலே போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை, லென்ஸைத் துடைப்பது. ஈரக் காற்று அதன்மேல் ஆவியாகப் படிந்துகொண்டே இருக்கும். பருத்தித் துணி கையிலேயே இருக்கட்டும். மேலதிக பற்றரியைச் சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். உச்சி முற்றத்தில் செருப்பைக் கழற்ற வேண்டும் என்பதால் தடித்த காலுறையும் வேண்டும். ட்ரைபொட்டைச் சுமக்காதீர்கள். அந்த நெரிசலில் அதை விரிப்பது மற்றவர்களுக்குத் தொல்லை. ஐஎஸ்ஓவை 1600, 3200 என்று தயங்காமல் ஏற்றினால் கையிலேயே எடுத்துவிடலாம்.

பிறகு அந்த நேரம் வருகிறது. தை, மாசியில் சூரியன் ஆறே கால், ஆறரை அளவில் வரும். அதற்குச் சற்று முன்பே மேற்கைப் பாருங்கள். அடிவானத்தை ஒட்டிச் சாம்பல் கலந்த நீலப் பட்டை ஒன்று கிடக்கும். அது பூமியின் சொந்த நிழல்! அதன் தலைக்கு மேல் ரோஜா நிறம். நிமிடத்துக்கு நிமிடம் நீலம் தாழ்ந்து அடிவானத்துக்குள் அமிழும். அது அமிழ்ந்த இடத்திலேயே மலையின் நிழல் முளைக்கும். மேளமும் குழலும் முழங்க, முதுகுக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான குரல்கள் ஒன்றாக எழும்பும்போதுதான் அது நடக்கும். எனக்கு ஒவ்வொரு முறையும் மயிர்க்கூச்செறிகிறது.

இதை எடுக்க அகன்ற லென்ஸ்தான் சரி. 24 மில்லிமீற்றரோ அதற்குக் குறைவோ இருந்தால் முக்கோணத்தின் அடியும் முனையும் ஒரே சட்டத்துக்குள் அடங்கும். வைட் பேலன்ஸைத் தானியங்கியில் விடாதீர்கள். அது ரோஜாவையும் நீலத்தையும் வெளிறடித்துவிடும். டேலைட்டில் வைத்தால் கண் கண்ட நிறம் கிடைக்கும். போலரைசர் பில்டரைக் கழற்றிவிடுங்கள். சூரியனுக்குச் செங்கோணத் திசையில்தான் அதற்கு வேலை, நேரெதிரே அதனால் பயனில்லை, வீணாக வெளிச்சத்தைத் தின்னும். முனை அடிவானத்தைத் தொடும் முதல் நிமிடங்களே உச்சம். சூரியன் ஏற ஏற முனை கீழிறங்கி, நிழல் குறுகி, மலையை நோக்கி வந்துவிடும்.

ஒருமுறை பக்கத்தில் நின்ற தோட்டத்து ஆத்தா கேட்டார்: "என்னா தம்பி, எல்லாரும் அங்கிட்டுப் பாக்குறாங்க, நீங்க இங்கிட்டு நிக்கிறீங்க?"

"இங்க பாருங்க ஆத்தா, மலையோட நிழலு."

எட்டிப் பார்த்தார். "சிவனே!" என்று கைகுவித்தவர், மறுகணம் பேரப்பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். பிள்ளைகள் ஓடிவந்து சுவரில் தொற்றிக்கொள்ள, பக்கவாட்டில் வந்த பொன்வெயில் அந்த முகங்களில் விழுந்தது. அன்றைய என் படங்களில் நிழலுக்கு நிகராக நிற்பது அந்த முகங்கள்தான். முக்கோணம் கலைந்த பின்னும் கமராவை மூடாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். இரவெல்லாம் குளிரில் ஒடுங்கியிருந்தவர்களை முதல் வெயில் தொடும் நேரம் அது.

யாத்திரைக் காலம் மார்கழிப் போயாவில் தொடங்கி வெசாக்கில் முடிகிறது. போயா நாளும் வார இறுதியும் வேண்டாம்; உச்சிக்குக் கொஞ்சம் கீழே வரிசையில் சிக்கி, படியிலேயே விடிந்துவிடக்கூடும். தை, மாசியில் ஒரு செவ்வாயோ புதனோ பார்த்துப் புறப்படுங்கள். மறக்காமல் மேற்குச் சுவரில் இடம் பிடியுங்கள். நான் அங்கேதான் இருப்பேன்.