மூன்றாம் நாளை யார் எழுதுவது?

பத்து வருடங்களுக்கு முன் நான் எழுதிய ஒரு சிறுகதையில் தோட்டத்து அப்பா குடித்துவிட்டு வருவார். சோத்துச் சட்டியை உதைப்பார், அம்மாவை அடிப்பார், கடைசிப் பத்தியில் சாக்கடையில் கிடப்பார். பரிசும் கிடைத்தது. திரிங்காப்பில் இருக்கும் என் அப்பாவிடம் அதை வாசித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, “அதான் நான் விட்டுட்டேனே, அத எழுதலயா?” என்றார்.

அதற்குப் பிறகு தோட்டத்தைப் பற்றிய மலேசியத் தமிழ்க் கதைகளை அந்தக் கேள்வியோடுதான் வாசிக்கிறேன். நான் வாசித்தவரை குடிகாரர்கள் நிறைய வருகிறார்கள். விட்டவர்கள் மிகக் குறைவு. வந்தாலும் ஒரே வரியில் திருந்திவிடுவார்கள். மகள் அழுவாள், இல்லாவிட்டால் சாமிக்கு மாலை போடுவார்கள், அடுத்த பத்தியில் இஸ்திரி போட்ட சட்டையோடு வேலைக்குக் கிளம்பியிருப்பார்கள்.

அப்பா விட்டது அப்படியில்லை. வருடக்கணக்கில் தினமும் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் முதல் நாளே கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் போகும். சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம், மூன்றாம் நாளில் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். உயிரே போகலாம், அதனால்தான் இப்படிக் குடித்தவர்களை டாக்டரின் கண்காணிப்பில் நிறுத்தச் சொல்கிறார்கள். எங்களுக்கு அதெல்லாம் அப்போது தெரியாது. மூன்றாம் நாள் ராத்திரி அப்பா சுவரில் ஊர்ந்த பூச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். சுவரில் ஒன்றுமில்லை. அந்த மலைக் குளிரிலும் பனியன் நனைந்திருந்தது. அம்மா பூசாரியைக் கூப்பிடச் சொன்னார். பக்கத்து வீட்டு அண்ணன்தான், “பூசாரி அப்புறம் வரட்டும்”னு காய்கறி வேனில் ஏற்றித் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

இதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான். எழுதும்போது மட்டும் சாக்கடைதான் கைக்கு வந்தது. ஏற்கெனவே பலர் எழுதிப் பழக்கிவைத்த சாக்கடை அது.

குடியைக் குணக்கேடாக மட்டும் எழுதினால் விற்றவன் தப்பித்துவிடுகிறான். அந்தக் காலத்து ரப்பர்த் தோட்டங்களில் லைசென்ஸோடு கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. கொடுத்த கூலியில் ஒரு பங்கு அங்கேயே திரும்பி வந்தது. 1947இல் கெடாவில் ஏ. எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடைகளை மறித்தது. பீடோங்கில், ஹார்வர்ட் தோட்டத்தையொட்டி நடந்த போலீஸ் மோதலில் ஒரு தொழிலாளி இறந்தார். கூலி உயர்வு கேட்பதும் குடியை விடுவதும் அன்றைக்கு ஒரே போராட்டம். நம் கதைகளில் வரும் குடிகார அப்பாவுக்கு இந்தச் சரித்திரம் கிடையாது. அவர் சும்மா கெட்டவர்.

(எங்கள் மேட்டில் தென்னை இல்லை. கள்ளும் ஒரு நாள் போனால் புளித்துவிடும். அதனால் அப்பாவுக்கு வாய்த்தது சம்சு. சட்டைப் பையில் அடங்கும் சின்னக் குப்பி.)

ம. நவீனின் ‘பேய்ச்சி’யை (2019) இந்த இடத்தில் மதிக்கிறேன். 1981இல் கெடா லூனாசில் விஷச் சாராயம் குடித்துப் பலர் இறந்த சம்பவம் அந்த நாவலுக்குள் இருக்கிறது. சாராயம் அதில் ஒருவனின் கெட்ட பழக்கமாக நின்றுவிடாமல் ஓர் ஊரின் துயரமாகிறது. 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு நாவலைத் தடைசெய்தது. அதன்பின் நான் கேட்ட பேச்செல்லாம் ஆபாசமா இல்லையா என்பதுதான். செத்தவர்களைப் பற்றிய பேச்சு என் காதில் விழவில்லை. ஆனாலும் என் அப்பாவின் கேள்விக்கு அங்கேயும் பதில் இல்லை. அது நாவலின் குறையல்ல, எடுத்துக்கொண்ட விஷயம் வேறு. குறை எங்களைப் போல லயத்துக்குள்ளிருந்து எழுத வந்தவர்களுடையது.

அப்பா விட்டுப் பதினாலு வருடம் ஆகிறது. கல்யாண வீடுகளில் இன்னமும் கிளாஸை நீட்டுகிறார்கள். “சுகர் இருக்கு” என்று பொய் சொல்லித் தள்ளிவிடுகிறார். குடியை விட்டுவிட்டேன் என்றால் சிரிக்கிறார்களாம், சுகர் என்றால் மரியாதையாக விட்டுவிடுகிறார்களாம்.

அந்தப் பொய்யிலிருந்து ஒரு கதையை ஆரம்பித்திருக்கிறேன். இரண்டு பக்கம் வந்திருக்கிறது. மூன்றாம் நாள் இன்னும் வரவில்லை.