எல்லாக் காளைக்கும் ஒரே ஹெப்பாரினா?

மொரப்பூர் பக்கம் சினை ஊசி போட்டும் சினை நிக்கலைன்னா பழி மாட்டின் மேல்தான் விழும். காளையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. போன மாதம் எங்கள் வீட்டிலும் அதே கதை. அந்தக் கடுப்பில் ஒரு பழைய ஆய்வுக் கட்டுரையைத் தேடிப் படித்தேன். நான் கால்நடை மருத்துவர் இல்லை, கோடு எழுதிப் பிழைப்பவன்.

1986-இல் 'தீரியோஜெனாலஜி' இதழில் வந்த கட்டுரை அது. எழுதியவர்கள் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் பாரிஷ், ஃபர்ஸ்ட் குழுவினர். உறைவிந்தை வைத்து ஆய்வகத்தில் மாட்டின் கருமுட்டையைக் கருவுறச் செய்வதுதான் விஷயம்.

விந்தணு நேராகப் போய் முட்டைக்குள் நுழைந்துவிடாது. கருப்பாதையில் சில மணி நேரம் இருந்து அதற்கான தகுதி பெற வேண்டும். இதை 1951-இல் சாங், ஆஸ்டின் இருவரும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். சரி, ஆய்வகத் தட்டில் அந்த வேலையை யார் செய்வது? பாரிஷ் குழுவின் பதில் ஹெப்பாரின். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிறார்களே, அதேதான்.

செய்முறை எளிது. மைனஸ் 196 டிகிரியில் இருந்த உறைவிந்துக் குச்சியை வெதுவெதுப்பான நீரில் உருக்கி, ஊடகத்துக்கு அடியில் மெதுவாக விடுகிறார்கள். ஒரு மணி நேரத்தில் துடிப்பானவை மேலே நீந்தி வரும். அவற்றை அலசி, ஹெப்பாரின் கலந்த ஊடகத்தில் முட்டையோடு சேர்க்கிறார்கள்.

கட்டுரையின் பலம் இந்த எளிமைதான். குச்சியில் இருக்கும் எந்தக் காளையையும் பயன்படுத்தலாம் என்று ஆனது. அவர்கள் அதோடு நிற்கவும் இல்லை. ஊடகத்தில் குளுக்கோஸ் இருந்தால் ஹெப்பாரினின் வேலை தடைபடும் என்று 1989-இல் காட்டினார்கள்.

என் குறை பின்னால் வந்தவர்கள் மேல். மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்ற அளவு பல செய்முறைகளில் ஹார்ட்கோட் ஆகிவிட்டது. காளைக்குக் காளை தேவை மாறும் என்பது துறையில் எல்லோருக்கும் தெரியும். இருந்தும் அந்த அளவில் தேறாத காளையை 'சரிவராது' என்று ஒதுக்குவதுதான் சுலபம்.

ஹோல்ஸ்டீனில் ஒரு காளை போனால் இன்னொன்று வரும். நம்ம மாவட்டத்து ஆலம்பாடியில் அப்படி முடியுமா? இருப்பதே கொஞ்சம். ஒரு காளையை ஒதுக்கினால் ஒரு வம்சாவளியே போகலாம். ஒதுக்கும் முன் இரண்டு மூன்று அளவுகளில் சோதித்துப் பார்ப்பது பெரிய செலவில்லை.

சினை ஊசியில் ஹெப்பாரினுக்கு வேலை இல்லை, பசுவின் உடலே பார்த்துக்கொள்ளும். ஆனால் காளைக்குக் காளை வித்தியாசம் அங்கேயும் உண்டு. அடுத்த முறை ஊசி போடும்போது குச்சியில் அச்சடித்திருக்கும் காளை எண்ணை எழுதி வையுங்கள். நான் இந்த முறை எழுதி வைக்கவில்லை.